ஆள் கூப்பிட்டால் கேட்கும்

நேற்று மகளுக்கு ஹெட்போன் வாங்கக் கடைக்குப் போனேன். "வெளிச்சத்தம் ஒண்டும் கேட்காததாப் பாருங்கோ அப்பா" என்று கட்டளை. கடைக்காரர் ஒன்றை எடுத்து என் தலையில் மாட்டினார். காதுப் பஞ்சின் புதுத் தோல் வாசம் மூக்கில் ஏறியதும், அந்தக் காலத்துப் பம்பலப்பிட்டிக் கடையில் நீ எனக்குப் பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்துவிட்டேன். கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, கொழும்பின் காலி வீதியோரம் ஒரு பிளேன்டீ வாங்கினேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இத்தனை வருடமாக உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று எழுதுகிறேன். நீ இல்லை என்பதால்தான் எழுத முடிகிறது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு எந்தக் காலத்திலும் வந்திராது.

போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாரும் சொக்கத் தங்கமாகிவிடுகிறார்கள். உன்னை அப்படி எழுத எனக்கு மனமில்லை. நீ சரியான அரியண்டம் பிடித்த ஆள். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், அந்த மாடி அறையை இரண்டு வருடம் உன்னோடு பங்குபோட்டேன். என் துவாயில் கை துடைப்பாய். நான் வைத்த பருப்பை ஒரு வாய் பார்த்துவிட்டு, உப்புப் போத்தலை எடுத்து நடுவில் வைப்பாய். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய கணினியில் நான் பாட்டுப் போட்டால், "இது பாட்டில்லை மச்சான், தகரம் தட்டுறது" என்று ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்குவாய். கீழே வீட்டுக்காரரும் சத்தம் என்று குறைசொல்லத் தொடங்கவே, ஒரு ஹெட்போன் வாங்குவதென்று முடிவெடுத்தோம்.

அதன் பிறகு உனக்குப் பெண் பார்க்கும் வீட்டுக் களை வந்துவிட்டது. சனிக்கிழமை தவறாமல் கடை கடையாக ஏறினோம். சோதித்துப் பார்க்கவென்று நீ சொந்தமாக ஒரு சீடி கொண்டுவருவாய். "பெட்டியில எழுதியிருக்கிறதை வாசியாதை. அது பெட்டியை விக்கிறதுக்கு" என்பாய். கடைக்காரர் பாஸ், பாஸ் என்று எதையாவது நீட்டினால், "கும்கும் எண்டு அடிக்கிறதுதான் வேணுமெண்டால் தேர்த் திருவிழாவில ஸ்பீக்கருக்குப் பக்கத்தில போய் நிக்கலாம்" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொல்வாய். ஒலிப்பதிவுக்காரர் பாவிக்கும் பெரிய ஹெட்போனை நான் ஆசையாகத் தொட்டபோது கையில் தட்டினாய். அதற்குச் சத்தம் கூட்டித் தரத் தனி ஆம்ப் வேண்டும், எங்கள் கணினியில் செருகினால் முனகும் என்றாய். எதைப் போட்டாலும் பத்து நிமிடம் கழற்ற விடமாட்டாய். காது கொதித்தால் அது வேண்டாம்.

ஒரு விடயத்தில் மட்டும் சண்டை. காதுக் கிண்ணத்தின் பின்பக்கம் திறந்திருக்கும் வகைதான் உனக்குப் பிடித்தது. அதில் சத்தம் மூச்சு விடும் என்றாய். எனக்கோ கரையோர ரயிலும் ஜெனரேட்டர்களும் கேட்காமல் பூட்டிக்கொள்ளும் வகை வேண்டும். கடைசியில் மூடிய வகையில் மலிவான ஒன்றை எடுத்து என் தலையில் போட்டுப் பாட்டையும் ஓடவிட்டு, நீ கடை வாசல்வரை பின்னால் போனாய். சாதாரணக் குரலில் "மச்சான்" என்று கூப்பிட்டாய். நான் திரும்பினேன்.

"இவ்வளவு காணும். ஆள் கூப்பிட்டாக் கேட்கும். இந்த நாளையில அது முக்கியம். இதையே எடுப்பம்."

"மல்லி, கொஞ்சம் கூடப் போட்டா, ஃபுல்லா அடைக்கிறது இருக்கு" என்று தம்பி முறை வைத்துச் சொன்னார் சிங்களக் கடைக்காரர். அடைக்கிற சாமான் எதுவும் எங்களுக்கு வேண்டாம் என்று நீ சிங்களத்தில் சொல்லிச் சிரித்தாய். அவருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நாட்டில் சண்டை மறுபடி தொடங்கி, எங்கள் வயதுத் தமிழரைப் பிடித்து அடைத்துக்கொண்டிருந்த வருடம் அது. யாழ்ப்பாண முகவரியோடு அடையாள அட்டை வைத்திருப்பவன், கொழும்பில் எந்த வீட்டில் யாரோடு இருக்கிறான் என்று பொலிசில் பதிந்து, முத்திரை குத்திய பேப்பரைக் காட்டவேண்டும். எங்கள் பேப்பர் கதவுக்குப் பின்னால் சொப்பிங் பையில் தொங்கியது. அதன் பிரதி ஆளுக்கொன்று காற்சட்டைப் பையில். குப்பை போடப் போனாலும் காற்சட்டை போட்டுக்கொண்டுதான் போவது என்று சட்டம் போட்டவன் நீ.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் பேக்கரியில் பாண் வாங்கும் முறை என்னுடையது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஹெட்போன் வாங்கி மூன்றாவது கிழமை. "டேய், பாண் முடிஞ்சிடும், எழும்பு" என்று இரண்டு தரம் சொன்னாய். ஹெட்போனைக் காதில் மாட்டியிருந்த நான் திரும்பாமலே கையை ஆட்டினேன். மூன்றாம் தரம் நீ சொல்லவில்லை. கட்டியிருந்த சாரத்தோடு, செருப்பை இழுத்துக்கொண்டு, கோபத்தில் இறங்கிப் போனாய். உன் அடையாள அட்டையும் பிரதியும் இருந்த காற்சட்டை கதவுக் கொளுவியில் கிடந்தது. வீட்டுக்காரரும் ஒரு கலியாணவீட்டுக்குப் போயிருந்தார்.

மிச்சத்தை எதிர்வீட்டு அன்ரி சொன்னார். யன்னல் சீலை இடுக்கால் பார்த்தாராம். ஒரு வான் வண்டி, சிவில் உடுப்பில் நான்கு பேர். பாண் வாங்கிக்கொண்டு திரும்பிய உன்னை வீட்டு வாசல் படலையடியில் மறித்தார்கள். நீ மாடியைக் காட்டிக் காட்டிப் பணிவாகச் சிங்களத்தில் கதைத்தாய். பேப்பர் மேலே இருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கொண்டுவரச் சொல்லு என்றார்கள். "உம்மைத்தான் தம்பி கூப்பிட்டவர். நாலைஞ்சு தரம். அதில ஒருத்தன் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு நிண்டவன். பிறகு ஏத்திக்கொண்டு போட்டாங்கள். நான் வெளியில வந்திருக்கலாம். எனக்கும் வளர்ந்த பெடியன் இருக்கிறான்" என்று சொல்லி அழுதார்.

மச்சான், எனக்குக் கேட்டது.

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் உன் முதல் கூப்பிடு தெளிவாகக் கேட்டது. சில்லறை போதாமல் கீழே நின்று கத்துகிறான், கிடக்கட்டும், ஒருநாள் பாண் வாங்கினால் தேய்ந்து போய்விடுவானா என்று நினைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். முழுவதும் கூட்டினேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அந்த அளவுக்கு மட்டும் அது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இவ்வளவு காலம் மனுசன் என்று நடமாடினேன்.

பசித்தபோது உன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். பாண் படலைத் தூணின்மேல் இருந்தது, இன்னும் இளஞ்சூடாக.

உன்னைத் தேடி, பேப்பரைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ வாசல்களில் நின்றேன். ஓரிடத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பேப்பரில் பிழையில்லை என்று திருப்பித் தந்தார். உன்னைப் பற்றி அங்கே ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. இன்றுவரை எங்கேயும் இல்லை.

யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்ததால் உன் அம்மா கப்பலில் வந்தார். உன் கட்டிலில் இருந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, அவன் உம்மைக் கூப்பிடேல்லையே?"

"கூப்பிட்டவனாம் அம்மா. எனக்குக் கேட்கேல்லை. இதைப் போட்டிருந்தனான்."

ஹெட்போனை வாங்கி மடியில் வைத்துத் தடவினார். "இதைப் போட்டால் ஒண்டும் கேளாதோ?" என்று கேட்டுவிட்டுத் தானே காதில் மாட்டினார். "கூப்பிடும் பாப்பம்" என்றார். பாட்டுக்கூட ஓடவில்லை. நான் சும்மா கூப்பிட்டிருந்தாலே அவருக்குக் கேட்டிருக்கும். நான் அவருக்கு முன்னால் நின்று, குரலை எடுக்காமல் வாயை மட்டும் அசைத்தேன். "அம்மா", "அம்மா" என்று இரண்டு தரம் அசைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றிவிட்டு என் தலையைத் தடவினார். "ஓம் தம்பி. ஒண்டும் கேட்கேல்லைத்தான்."

சாகும்வரை அவர் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் இதைச் சொன்னார். "உம்மில பிழையில்லை ராசா. அந்தச் சாமானிலதான் பிழை." ஒவ்வொரு தரமும் ஓம் அம்மா என்றேன். பிள்ளையைப் பறிகொடுத்த மனுசியிடம் ஆறுதலையும் பறித்துத் தின்றேன். வெட்கம்கெட்டவன் என்று நீ சொல்வாய். சொல்.

நேற்று பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்பக் கடைக்குள் போய், மகள் கேட்டதையே வாங்கினேன். முழுவதும் அடைப்பது. அவள் அதைப் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்க, நான் கதவடியில் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு உரத்துக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஆறுதலாக இருந்தது. கேட்கேல்லை என்று அவள் என்றைக்காவது யாருக்காவது சொல்ல நேர்ந்தால், அது உண்மையாகவே இருக்கட்டும்.

எங்கள் ஹெட்போன் இன்னும் என்னிடம் இருக்கிறது. பஞ்சின் தோல் உரிந்து, தொட்டால் கறுப்புத் துகளாகக் கையில் ஒட்டும். எறிய முடியவில்லை. நீ அந்த வான் வண்டியில் ஏறும்போது என்ன நினைத்திருப்பாய் என்று யோசிக்காத நாளில்லை. பாவம், அவனுக்குக் கேட்டிராது என்று நினைத்திருந்தால் எவ்வளவு நல்லது. ஆனால் நீ அப்படி நினைத்திருக்க வழியே இல்லை. கடை வாசலில் நின்று நீயே என்னைக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் அதை வாங்கினாய்.