ஒரு ‘ட்’ கூடுதலாக

கிராணி ஐயா,

இன்று என் சட்டையை மகள் கொல்லையிலேயே நிறுத்திவிட்டாள். சட்டையை மட்டுமல்ல, அதற்குள் இருந்த என்னையும்தான். பெட்ரோல் கிடைக்காத காலம். ரப்பரைக் காய்ச்சி எடுத்த எண்ணெயில் லோரி ஓடுகிறது. அந்த நாற்றம் குளித்தாலும் போவதில்லை. கிணற்றடியில் நின்று என்னை நானே முகர்ந்தபோது உங்கள் வெள்ளைச் சட்டை நினைவுக்கு வந்தது. ஜெலுத்தோங் லோரிக் கொட்டகையில் இந்த நாற்றம் ஏறாத சட்டை அது ஒன்றுதான். அதுவும் கொஞ்ச காலம்வரை.

வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போனதும் ஜப்பான்காரன், கணக்கெழுதும் கிராணியாக இருந்த உங்களை மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்தான். துரைக்கும் லோரி ஓட்டத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியத்தான் வேண்டுமா என்று கொட்டகையில் நாங்கள் அடிக்கடி அடித்துக்கொள்வோம். தோசை சுடத் தெரியாதவன் கடை வைக்கவில்லையா, தின்னத் தெரிந்தால் போதாதா என்பது என் கட்சி. நான் படித்த நாலாம் வகுப்புக்கு அதைவிடப் பெரிய நியாயம் வராது.

ஒருநாள் ஆயர் ஈத்தாம் மலையிலிருந்து விறகு ஏற்றி வந்தேன். டியூப் இல்லாத டயருக்குள் தேங்காய் மட்டையை அடைத்து ஓட்டிய நாட்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். மறுநாள் நீங்களே என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லோரி ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. முருகனை நீங்களும் என் மாமியாரை நானும் கூப்பிட்டோம். அவர்தான் என்னைப் பார்த்தால் எதையும் நிறுத்திவிடுவார்.

கீழே இறங்கி வேட்டியை உதறிக்கொண்டே சொன்னீர்கள்: “ஓடித் தெரியாதவன் மற்றவனை ஓடச் சொல்லி எப்பிடி ஐசே சொல்லுறது? என்னை லொறி ஓடப் பழக்கிவிடும்.”

உங்கள் யாழ்ப்பாணத்தில் ஆளை ‘ஐசே’ என்பார்கள், வண்டியை ‘ஓடுவார்கள்’. எங்களுக்கு வண்டியை ‘ஓட்ட’ வேண்டும். “ஐயா ஓடுங்க, நான் பின்னாலேயே லோரியில வர்றேன்” என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் பழகினீர்கள். கொட்டகைத் தூணை என்னைவிடக் குறைவாகத்தான் இடித்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் கெட்டது காலம். முன்பெல்லாம் மலைக்குப் போ என்று மேசையிலிருந்து ஒரு கை காட்டுவீர்கள். பழகிய பிறகோ ஒவ்வொரு வண்டியின் பிரேக்கையும் நீங்களே மிதித்துப் பார்த்துவிட்டு, இதில் ஒருவரும் போக வேண்டாம் என்பீர்கள். ஜப்பான் அதிகாரி வந்து உங்கள் கன்னத்தில் அறைவான். முன்பு எங்களுக்கு விழுந்த அறை மேனேஜருக்கு விழுந்தது. ஓட்டிப் பழகியதில் உங்களுக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

சயாமில் ரயில் பாதை போடும் இடத்துக்கு டிரைவர்கள் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் வந்த காலையில், அதிகாரியின் விரல் என்னைக் காட்டியது. எனக்கு நாலு பிள்ளைகள், கடைசிப் பெண் தவழ்ந்துகொண்டிருந்தாள். போனவர்கள் யாரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை. என் வாய்க்கு முதல்முறையாக ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை.

“அவரை விடுங்கோ. எனக்கு ஓடத் தெரியும்” என்றீர்கள்.

அதிகாரியோடு வந்த மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவர் அல்ல, எங்கள் பக்கத்துத் தமிழர். “ஓடத் தெரியுமா? எங்க ஓடுவீங்க?” என்று சிரித்தார். அப்போது நீங்கள் அவர் முகத்தை நேராகப் பார்த்து, எங்களைப் போலவே சொன்னீர்கள்: “ஓட்டத் தெரியும். லோரி ஓட்டத் தெரியும்.”

அந்த ஒரு ‘ட்’டை உங்கள் வாயில் நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் ஏதோ சொல்ல வந்தேன். “உம்மை அனுப்பிப்போட்டு மேசையிலை இருந்து என்ன ஐசே செய்யிறது?” என்று என் வாயை அடைத்துவிட்டு ஏறினீர்கள். உங்களுக்கும் ஒரு மகள் இருந்தாள்.

இப்போது இருக்கும் மேனேஜருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. மலைக்குப் போ என்கிறார், போகிறோம். இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அவர் ஓர் அறைகூட வாங்கியதில்லை, நன்றாகத் தூங்குகிறார். மேனேஜருக்கு ஓட்டத் தெரிய வேண்டுமா என்று யாராவது இனிமேல் கேட்டால், தெரியவே கூடாது என்பேன். ஓட்டத் தெரிந்த ஒருவரை எங்களால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

காலில் புண்ணோடு சயாமிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். நீங்கள் காய்ச்சலில் இறந்துபோனதை அவர்தான் சொன்னார். அங்கே உங்களுக்கு லோரியே கொடுக்கவில்லையாம். அங்கே இறங்கிய அன்றே மண்வெட்டியைக் கொடுத்தார்களாம்.

டத்தோ கிராமாட்டில் உங்கள் வீட்டுக்குப் போய், காய்ச்சலில் போனதைச் சொன்னேன். மண்வெட்டியைச் சொல்லவில்லை. அழுது முடித்தபின் உங்கள் வீட்டம்மா கேட்டார்: “அங்கை அவர் என்ன ஓடினவர் தம்பி? பெரிய லொறியோ?”

“பெரிய லோரிதான் அக்கா.”

அதோடு விட்டிருக்கலாம். மரவள்ளிக்கிழங்கு கொடுக்கப் போகும்போதெல்லாம் உங்கள் மகள் மேலும் கேட்கிறாள். பாதை எப்படி, காடு எப்படி என்று. இந்தத் தீவைத் தாண்டிப் போகாத நான் சயாமைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறேன். போன வாரம், அங்கே ஆறு இருக்கா மாமா என்றாள். இருக்கு என்று சொல்லித் தொலைத்தேன். அப்பா எப்படிக் கடந்தார் என்று கேட்பதற்குள், வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

நாளை மறுபடியும் கிழங்கு கொண்டுபோக வேண்டும். அதற்குள் உங்களை நான் எப்படியாவது அக்கரை சேர்க்க வேண்டும்.