அப்பா பாஸாகிவிட்டார்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் போன் பேசினால் அப்பாவுக்குக் கேட்கும். வலது கையும் வலது காலும் அரைநாள் வேலைதான் பார்க்கின்றன, ஆனால் காது மட்டும் முழுநேரப் பணியில் இருக்கிறது. அதனால் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

விஷயம் இதுதான். அப்பா பாஸாகிவிட்டார். அதனால் இந்த மாதக் கடைசியோடு எல் போர்டு வருவது நிற்கப்போகிறது.

எல் போர்டு யார் என்று உனக்குச் சொன்னேனா, நினைவில்லை. அப்பாவைக் கவனித்துக்கொள்ள நலத்துறையிலிருந்து காலையில் வரும் உதவிப் பெண். கல்யாணமான மகள் இருக்கிறாள், ஆனால் இவளுக்கு என் வயதுதான் இருக்கும். வேலைக்குப் புதிது என்று தெரிந்ததும் முதல் நாளே அப்பா அந்தப் பெயரை வைத்துவிட்டார். வேறு யாராவதாக இருந்தால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போயிருப்பார்கள். இவள் சிரித்துவிட்டு, லைசென்ஸ் எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். பார்க்கலாம் என்றார் அப்பா. அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் கேட்ட முதல் கிண்டல் அது. அன்றைக்கே அவளை எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அப்பா ஒரு பொத்தானைப் போடுவதற்குள் நான் சமையலையே முடித்துவிடுவேன். குறுக்கே போய் மாட்டிவிடலாம் என்று கை பரபரக்கும். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், நான் திரும்பிப் போய்விடுவேன். அப்பாவிடம் அவள் சொல்வது ஒரே வாசகம்தான். நீங்களே செய்யுங்கள் சார், நான் இங்கேதான் இருக்கிறேன்.

பிறகுதான் நீ அனுப்பிய பத்திரிகைச் செய்தியைப் படித்தேன். உங்கள் நிறுவனம் செய்த ஆராய்ச்சிதானாமே இது. நோயாளிகளுக்கு எல்லாம் நாம் செய்துகொடுத்தால் அவர்கள் அப்படியே படுத்துவிடுவார்கள், அவர்களைச் செய்யவிட்டால் தேறிவருவார்கள் என்று. அதை வைத்துத்தான் நலத்துறை முறையையே மாற்றியிருக்கிறது. சும்மா சொல்லக்கூடாது, உங்கள் ஆராய்ச்சி உண்மை. கரண்டி பிடிக்க முடியாமல் கிடந்த மனிதர் இன்றைக்குத் தானே முகம் கழுவி, தானே சட்டை போட்டு, எழுந்து நின்று டிவி செய்தியோடு சண்டை போடுகிறார். உன் பெயர் வந்த அந்தப் பக்கத்தைப் பால்காரரிடம்கூடக் காட்டியாகிவிட்டது.

ஆனால் அந்த முறையோடு ஒரு வாலும் வந்திருக்கிறது. உதவி பெறுகிற எல்லோரையும் இந்த வருடம் மறுபடி மதிப்பீடு செய்கிறார்கள். தானே சமாளிக்கிறார் என்று தெரிந்தால் அவருக்குக் கொடுத்த ஆளை எடுத்து, ஆள் கிடைக்காமல் காத்திருக்கிறவருக்குக் கொடுப்பார்களாம். அதையும் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்தெருவில் ஒரு தையல்காரர் படுக்கையோடு கிடக்கிறார், அவருக்கு இன்னும் ஆள் வரவில்லை.

அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க, லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களுக்கு டிரைவிங் டெஸ்ட் வைத்த மனிதர். இந்த ஊரில் பாதிப் பேரை ஃபெயிலாக்கியவர். இன்றைக்கும் வாசலில் அவரைக் கண்டால் சில பேர் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், உங்களைச் சோதித்துப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று சொன்னால் என்ன ஆகும்? விடியும் முன்பே சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, பையில் பேனா குத்தி உட்கார்ந்துவிட்டார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. வெளி ஆள் வருகிறதென்று திரைச்சீலைகளைத் துவைத்துப் போட்டேன். குளிக்கும் ஸ்டூல், இரவுக்கு வைக்கும் பாத்திரம், ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் பின்கட்டில் ஒளித்துவைத்தேன். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எல் போர்டு சொன்னாள். யார் கேட்டது?

கையில் டேப்லெட்டோடு ஒரு சின்னப் பெண் வந்தாள். நல்ல மரியாதையான பெண். குளிப்பீர்களா என்றாள். குளிப்பேன் என்றார். படி ஏறுவீர்களா என்றாள். வாசல்படியில் ஏறி இறங்கியே காட்டினார். கடைசியில் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, இடது கையால் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு சொட்டுகூடச் சிந்தாமல். அம்மா இருந்தவரைக்கும் அவர் அடுப்பைப் பற்றவைத்துக்கூட நான் பார்த்ததில்லை, தம்பி. அந்தப் பெண் மனசாரப் பாராட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் படுத்தவர் அதற்கப்புறம் இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. அதை அவள் எங்கே பார்த்தாள்!

குளிப்பேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. குளிக்கிறார். ஆனால் கதவைச் சாத்தாமல் வெளியே துண்டோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் நின்றால் ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்த ஆள் அங்கே இருப்பதால்தான் அவர் பயமில்லாமல் குளிக்கிறார். உங்கள் ஆராய்ச்சியில் அந்தத் துண்டு பிடித்துக்கொண்டு நின்றவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள்? குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

முடிவை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறேன். அதே பெண் திரும்பவும் வருவாள். இந்த முறை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், துணை இல்லாமல் முடியாது என்று சொல்லுங்கள் என்று அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். “நான் வேணும்னே ஃபெயிலாகணுமா?” என்றார். நான் அந்தப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். நீ ஒரு தடவை போன் செய்து சொல். நான் சொன்னால் புலம்பல், நீ சொன்னால் ஆராய்ச்சி.

மற்றபடி இங்கே சொல்லும்படி ஒன்றுமில்லை. முதலாளி என்னை லென்ஸ் பொருத்தும் மேசையிலிருந்து எடுத்து முன்பக்கக் கல்லாவில் உட்காரவைத்திருக்கிறார். உட்கார்ந்த வேலை, நல்லதுதான். அப்பா குளியலறையில் வழுக்கியபோது தாங்கிப் பிடித்ததில் தோளில் கொஞ்சம் பிடிப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு தேதி கொடுத்தார்கள், தள்ளிப் போட்டுவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை.

பிள்ளைகளைக் குளிரில் வெளியே விடாதே. மறக்காமல் போன் செய்.

அன்புடன்,
அக்கா

*

அன்புத் தம்பிக்கு,

நீ போன் செய்ததற்குச் சந்தோஷம். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவர் வெகுநேரம் பேசினார். வெளியே வந்து, “தம்பி சொல்றதும் சரிதான்” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நேற்று அந்தப் பெண் வந்தாள். இந்தத் தடவை நான் எதையும் ஒளிக்கவில்லை. ஸ்டூல், பாத்திரம், விரிப்பு எல்லாம் கூடத்துக்கு நடுவிலேயே கிடந்தன. எனக்குத்தான் உடம்பு கூசியது. எல் போர்டுக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது, இருந்தும் லீவு போட்டு வந்து, வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அப்பா அதே இஸ்திரிச் சட்டை, அதே பேனா.

முதலில் நாற்காலியிலிருந்து எழுந்து காட்டுங்கள் ஐயா என்றாள் அந்தப் பெண். அப்பா எழுந்திருக்கவில்லை. பெற்ற அப்பா எழுந்திருக்காததைப் பார்த்து மனசு குளிர்ந்த மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவள் எதையோ குறித்துக்கொள்ளப் போனாள். அப்போதுதான் அவர் பேச ஆரம்பித்தார். வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன், எனக்கு ஒன்றும் மறக்கவில்லை.

“என்னால எழுந்திருக்க முடியும்மா. எல்லாம் முடியும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ தப்பான ஆளை டெஸ்ட் பண்றே. நான் டெஸ்ட் எடுக்கும்போது ரோட்டைப் பாக்க மாட்டேன், ஓட்டறவங்க கையைத்தான் பார்ப்பேன். என் மக கையைப் பாரு. வலது கையைத் தோளுக்கு மேல தூக்கி எத்தனையோ நாளாச்சு. இடது கையாலதான் தலை சீவறா. கொடியில துணி காயப்போட முடியாம நாற்காலி முதுகுல போடறா. என்னைப் பிடிச்சதுல போன கை. கேட்டா ஒண்ணுமில்லைங்கறா. இவளை ஃபெயில் போடும்மா.”

நான் சிரித்தேன். அவர் ஏதோ சொல்கிறார், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பெண் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தூக்குங்கள் அக்கா என்றாள். தூக்கினேன். காது வரைக்கும்கூடப் போகவில்லை, தம்பி. பாதியில் நின்றுவிட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல் போர்டு ஓடிவந்து என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள். எங்கள் வீட்டில் அவள் பின்னால் கட்டிய கையை அவிழ்த்து நான் பார்த்தது அப்போதுதான்.

இனி உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. தோளில் தசைநார் கிழிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து, கையைக் கட்டிப் போட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இன்னும் தள்ளிப் போட்டால் அப்புறம் தைக்க அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது என்றும் சொன்னார். கையைக் கட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தால் துண்டை யார் பிடிப்பது என்றுதான் நானே தேதியை மாற்றி மாற்றி வாங்கினேன். உனக்குச் சொல்லாததற்குக் கோபித்துக்கொள். ஆனால் போனில் கோபிக்காதே, அப்பாவுக்குக் கேட்கும்.

அந்தப் பெண் டேப்லெட்டைத் திரும்பக் கையில் எடுத்தாள். பிறகு, ஐயாவால் முடிகிறது, அதனால் அவர் மதிப்பெண்ணை மாற்ற எனக்கு வழியில்லை என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவசரமாக மற்றதையும் சொன்னாள். இந்த வருடம் புதிதாக ஒரு விதி வந்திருக்கிறதாம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களையும் தனியாக மதிப்பீடு செய்யலாமாம். அவர்களால் முடியாது என்று தெரிந்தால் அவர்களுக்குப் பதிலாக ஆள் அனுப்புவார்களாம், ஆபரேஷன் முடிந்து தேறும்வரைக்கும். ஆனால் சம்பந்தப்பட்டவர்கள் தாங்களாக வாய் திறந்து கேட்க வேண்டும், இதுவரை அவள் பார்த்த வீடுகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றாள். அப்பா உடனே, “இவ கேக்கறா, எழுதிக்க” என்றார்.

எனக்கு மதிப்பீடு அடுத்த வெள்ளிக்கிழமை.

இன்று காலையிலிருந்து அப்பா எனக்குப் பயிற்சி கொடுக்கிறார். எதிரில் உட்காரவைத்து, முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்று நான் சொல்ல வேண்டும். வேறெதுவும் இல்லை, அந்த ஒரு வார்த்தைதான். எனக்கு வரமாட்டேன் என்கிறது, தம்பி. பரவாயில்லை என்று வருகிறது, சமாளித்துக்கொள்வேன் என்று வருகிறது, அது மட்டும் வரவில்லை. நீ இதில் தேறவே மாட்டாய் என்று அலுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொல்வதும் நிஜம்தான். இன்று பகலில் என்னை அறியாமல் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? திரைச்சீலைகளைக் கழற்றி, வாளியில் ஊறவைத்து, ஒற்றைக் கையால் கசக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்களே என்று. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. அந்தப் பெண் வந்ததும் நான் நல்ல உடையில் சிரித்துக்கொண்டு கதவைத் திறப்பேன். எல்லாம் முடிகிறது, ஒரு குறையும் இல்லை என்பேன். பிறகு டீ போட எழுந்துவிடுவேன். அப்பாவுக்குப் பிறந்தவள்தானே.

உன் வேலை எனக்குப் புரியும். வா என்று இதுவரை நான் உன்னைக் கூப்பிட்டதில்லை, நீயும் அக்கா இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தாய். அது தப்பில்லை, நான்தான் உன்னை அப்படி இருக்கவைத்தேன். இப்போது கூப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை அன்றைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார். நீ ஒன்றும் பேச வேண்டாம். நான் டீ போட எழுந்தால் மட்டும் கையைப் பிடித்து உட்காரவை.

நீ நன்றாக இருக்க வேண்டும். பத்திரமாக வந்து சேர். பிடிக்கும்போது இடது கையைப் பிடி.

உன்
அக்கா