எழுத்துக் கூட்டிப் படித்தவள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நேற்றைய ஆண்டுவிழாவைப் பற்றித்தான். நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் புத்தகம் வாசித்தார்களாம். அத்தனையும் மனப்பாடம். ஒருவன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். சிறப்பு விருந்தினர், "என்ன சரளம்!" என்று உருகினார். நீயும் வாய் கூசாமல் நன்றி சொன்னாய்.

நிஜமாகவே எழுத்துக் கூட்டி வாசித்தது என் வகுப்பு வாயாடி மட்டும்தான். "ப... ட... ம்..." என்று அவள் முடிப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டாயே, ஏன்?

உன் தங்கை

மார்ச் 7

என் செல்லத்துக்கு,

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? கூட்டம் கொட்டாவி விட்டதை நீ பார்க்கவில்லை. பெற்றோருக்குக் கைதட்டல் வேண்டுமடி. அது இல்லாவிட்டால் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பிவிடுவார்கள். நீ காலி பெஞ்சுகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கலாம். இந்தப் பள்ளியை நான் எப்படி இழுத்துக்கொண்டு வருகிறேன் என்று உனக்குத் தெரியாதா? சின்னக் குழந்தை, மறந்துவிடும்.

அக்கா

மார்ச் 11

அக்கா,

மறக்கவில்லை. நேற்று பலகையில் "மரம்" என்று எழுதி அவளைக் கூப்பிட்டேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"நீங்க சொல்லுங்க டீச்சர், நான் மனப்பாடம் பண்ணி வேகமா சொல்றேன்."

"நீயே படிக்கலாமே?"

"படிச்சா மைக்கை வாங்கிடுவாங்க."

பக்கத்து வகுப்பில் நீ கொடுத்தனுப்பிய தாளையும் பார்த்தேன். தமிழ்ப் பாட்டு, முழுக்க ஆங்கில எழுத்தில். தமிழ் படிக்க வந்த பிள்ளைகளிடமிருந்து தமிழ் எழுத்தையே ஒளித்து வைக்கிறோம். தொட்ட கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். இனி அவள் என் வீட்டுக்கு வந்து படிப்பாள்.

தங்கை

மார்ச் 14

அடியே,

வீட்டில் தனி வகுப்பா? நாலு பேர் என்ன பேசுவார்கள்? இப்படிச் செய்வோம்: அவள் மைக் பிடித்து நிற்கும் படம் அழகாக வந்திருக்கிறது. "சரளமாக வாசிக்கும் எங்கள் மாணவி" என்று சேர்க்கை விளம்பரத்தில் போடுகிறேன். குழந்தையும் மனம் குளிர்ந்துபோவாள். நீயும் கோபத்தை விடு.

அக்கா

மார்ச் 17

அக்கா,

நீ எழுதியதைப் படித்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தேன். அந்தப் படத்தைப் போடக்கூடாது. அவள் அம்மாவும் சம்மதிக்கவில்லை. பள்ளிச் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்காவாக வந்தால் உள்ளே வா, சோறு இருக்கும். தலைமையாசிரியையாக வந்தால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவேன்.