சிவப்பு விளக்கு வேண்டாமாம்

திங்கள்

காலையிலிருந்து மழை. ரவாங் அலுவலக வாசலில் கணுக்கால் தண்ணீர். குடை காரிலேயே.

கோல சிலாங்கூர் செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து முருகையா அண்ணன் போன். பழக்குலைகளை வேகவைக்கும் நீராவித் தொட்டி அவர் பொறுப்பு. அதன் கதவுப் பூட்டை இயக்கும் மைக்ரோகண்ட்ரோலர் சில்லுக்கு நிரல் எழுதியவள் நான்.

"தங்கச்சி, மறுபடியும் சிவப்பு லைட்டு. கதவு தொறக்க மாட்டேங்குது. வெளிய லோரி வரிசையா நிக்குது லா."

மீள முடியாத பிழை வந்தால் அப்படித்தான். எல்லாம் நிற்கும், கதவு பூட்டியே இருக்கும், சிவப்பு விளக்கு, பிழை எண். ஆள் பார்த்துத்தான் மறுபடி தொடக்க வேண்டும். இந்த முறையும் நினைவகப் பிழை. எங்கே என்று பிடிபடவில்லை.

செவ்வாய்

பாஸ்: "பிழை வந்தா தானா ரீஸ்டார்ட் ஆகட்டும். லைட்டும் வேணாம், மெசேஜும் வேணாம். கஸ்டமர் பயப்படுறான்."

"என்ன பிழைன்னே இன்னும் தெரியல பாஸ்."

"ஓடுதுல்ல? அது போதும்."

சரி என்றுவிட்டேன். பால், பூனைத் தீனி வாங்க மறதி.

புதன்

வெயில். மேசையில் சோதனை. விளக்கை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே பிழையை வரவழைத்தேன். ரீஸ்டார்ட். டக்.

கதவுப் பூட்டை விடுவிக்கும் ரிலே சுவிட்சின் சத்தம். மறுபடி. டக்.

ரீஸ்டார்ட் ஆனதும், அழுத்தமானி பதில் தரும்வரை அழுத்தம் பூஜ்யம் என்று நிரல் எடுத்துக்கொள்கிறது. சில வேளை மானி உடனே பதில் தராது. திறக்கலாம் என்று பச்சை விளக்கு எரியும், கதவு விடுபடும். ஆலையில் என்றால் உள்ளே நீராவி அப்படியே இருக்கும்.

திறப்பவர் மேல் பாயும். முருகையா அண்ணன் முகமே கண்ணில்.

வியாழன்

பாஸிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். மறுபடி டக். சிரிப்பு நின்றது.

"சுங்கை ஆயர் தாவார் மில்லுக்கு போன வாரமே இப்படி மாத்தின புரோகிராமைத்தான்மா போட்டேன். நானே."

"உடனே சொல்லுங்க பாஸ்."

"சொன்னா கான்ட்ராக்ட் போயிடும். சனிக்கிழமை போய் சத்தமில்லாம மாத்திடலாம்."

அவர் எதிரிலேயே அந்த ஆலைக்கு போன் அடித்தேன். எடுத்தவர் மேற்பார்வையாளர் சலீம் அண்ணன்.

"பிரச்சினையா? ஒன்னும் இல்ல லா, நல்லா ஓடுது. பச்சை எரியுது, இப்பத்தான் கதவைத் தொறக்கப் போறாங்க."

"வேணாம் அண்ணே! பச்சையை நம்பாதீங்க. தொட்டி மேல முள்ளு மீட்டர் இருக்கும், தள்ளி நின்னு அதைப் பாருங்க."

மலாயில் யாரையோ அதட்டினார். ஓடும் காலடிகள்.

"தங்கச்சி... முள்ளு எறங்கவே இல்ல."

அந்த ஆலைக்குப் போகும் காரில் இதை எழுதுகிறேன். பாஸ் ஓட்டுகிறார். முள் இறங்கும்வரை யாரும் கிட்டே போகவில்லை என்று சலீம் அண்ணன் சற்று முன் சொன்னார்.

"மில் மேனேஜர்கிட்ட என்னம்மா சொல்றது?"

உள்ளதை நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். ஆலையின் புகைபோக்கி தெரிகிறது.