நம்தா விரிப்பில் ஒரு வெள்ளைப் பொம்மை

அல்சூர், பெங்களூர்
12-11-1957

அன்பு மகள் பூங்காவனத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. சோமேசுவரர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் பிள்ளை இளங்கோவனும் சுகம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளை ஜெயராஜும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும். பிள்ளை சுகம் என்று இந்த முறை எழுதுவது நிஜம். போன இரண்டு கடிதத்திலும் அவனுக்கு நெஞ்சில் சளி, ரயில் பயணம் ஆகாது என்று டாக்டர் சொன்னதாக எழுதினேனே அம்மா, அது பொய். எந்த டாக்டரிடமும் நாங்கள் போகவில்லை. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, பிள்ளையைக் கொண்டுவந்து விடுங்கள் என்று நீ எழுதிய நாளிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை, அவள் சொன்னாள், நான் எழுதினேன். அவள் மேல் பழி போடவில்லை, பேனா பிடித்தது என் கை. நர்ஸ் வேலை பார்க்கிற உனக்கே இருமல் கதை எழுதினேன் பார், நீயும் பதறிப்போய் மருந்துப் பெயரெல்லாம் எழுதி அனுப்பினாய், அந்தச் சீட்டைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

மழைக்குப் பிறகு நம் வீட்டுச் சிமெண்டுத் தரை ஜில்லென்று இருக்கிறது, பிள்ளையோ நாளெல்லாம் தரையில்தான் விளையாடுகிறான். குதிரைச் சேணத்துக்கு அடியில் வைக்கிற நம்தா, நல்ல கெட்டிக் கம்பளி, ஓரம் பூச்சி அரித்தது என்று நான் வேலை பார்க்கிற சேணக் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்தார்கள், முதலாளியைக் கேட்டதும் எடுத்துக்கொள் என்றார். அலசி, வெயிலில் காயவைத்து, அரித்த பக்கத்தை வெட்டி, நாலடிக்கு நாலடி விரிப்பாக ஆக்கினேன். பேண்டுக்காரர்களுக்கு உடுப்பு தைக்கிற முனிராஜ் சிவப்பும் பச்சையுமாகக் கம்பளி வெட்டுத் துண்டு கொடுத்தான், அதில் குதிரை, வாத்து, ஒரு பஸ் எல்லாம் வெட்டி, சேணம் தைக்கிற மாதிரியே மெழுகு நூலில் இரண்டு ஊசி போட்டுத் தைத்தேன், இழுத்தாலும் பிரியாது. பொத்தான் வைக்கவில்லை, வாயில் போட்டுக்கொள்வான். வெள்ளைத் துண்டு ஒன்று மிஞ்சியது, உன்னை நினைத்து அதில் தொப்பி வைத்த நர்ஸ் பொம்மை வெட்டினேன். இது யாருப்பா என்று பிள்ளை கேட்டான். ஆமாம், அவன் எங்களைத்தான் அப்பா அம்மா என்று கூப்பிடுகிறான், அதையும் நாங்கள் திருத்தவில்லை. இது உன் அம்மாடா என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் அம்மா உள்ளேயிருந்து, "அம்மான்னு சொல்லி வச்சா நாளைக்கே அங்க போவணும்னு அழுவான், சும்மா இருய்யா" என்றாள். நானும் நர்ஸம்மா என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் நீ அனுப்பிய போட்டோ வந்தது, அதில் நீ உத்தியோக உடுப்பில் இருக்கிறாய். அவன் கண்ணில் படாமல் பெட்டியில் வைத்தோம், எப்படியோ எடுத்துவிட்டான். நான் வேலை விட்டு வந்தபோது விரிப்பில் உட்கார்ந்து, போட்டோவை அந்தப் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "நர்ஸம்மாவுக்குப் புள்ள இல்லியா?" என்று கேட்டான். பெற்றவளைப் பிள்ளை இல்லாதவள் ஆக்கிவிட்டேனே பூங்காவனம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீதான்டா அந்தப் பிள்ளை, இவள்தான் உன் அம்மா என்றேன். அவன் நம்பாமல் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினான். உன் அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள், பிறகு தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நான் அவளைப் பெற்ற ஆயா, அதுதான் அம்மா என்று சொல்லிக் கொடுத்தாள். தினமும் சொல்லிக் கொடுக்கிறாள், சொல்லிவிட்டு அழுகிறாள்.

வருகிற 24-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் அவனைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறேன், குண்டக்கல்லில் மாறி 26 காலை வந்து சேருவோம். உன் அம்மா வந்தால் திரும்பமாட்டாள், அதனால் வரவில்லை. விரிப்பும் கூட வருகிறது. காலையில் ராகிக் கஞ்சி கொடு, சர்க்கரை கம்மியாகப் போடு. நான் அன்று சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிடுவேன், இன்னும் ஒரு நாள் இரு என்று சொல்லாதே. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேட்கிறேன் அம்மா.

உங்கள் மூன்று பேரையும் அந்த எல்லம்மா கைவிடாமல் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. முதல் இரண்டு நாள் எங்களைக் கேட்டு அழுவான். பாவம் பார்த்துத் தந்தி கொடுத்துவிடாதே. கொடுத்தால் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னப்பா