எரியும் விமானத்தில் கேட்ட சொல்

அண்ணா,

இன்று செக்கிங் பிரிவில் பனியன் துணிக்குக் கறை எடுக்கும் மருந்தைப் பீய்ச்சினார்கள். பெட்ரோல் வாடை எழுந்ததும் உங்கள் ஞாபகம் வந்தது. மூலனூரிலிருந்து வீரபாண்டி பனியன் கம்பெனிக்குத் தினமும் எங்களை வேனில் கொண்டுவந்து விடுவீர்கள். ஆனால் ஒருநாளும் இந்த அறைக்குள் நுழைந்ததில்லை. ஏன் என்று கேட்டு நச்சரித்தவள் நான்தான்.

மழைக்காக வேனை ஓரங்கட்டிய ஒரு மாலையில் சொன்னீர்கள். போர்க்காலம், பஞ்சாப் எல்லை. நீங்கள் ராணுவ லாரி ஓட்டுநர். காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றி வந்த விமானம் உங்கள் கண்ணெதிரே கோதுமை வயலில் விழுந்தது. ஓடிப்போய் மூன்று பேரை இழுத்து வெளியே போட்டீர்கள். பெட்ரோல் வாடையோடு தீ பரவியதும், இனி யாரும் போகக்கூடாது என்று அதிகாரி தடுத்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தக் குரல்.

"'எரி... தீயா'ன்னு கேட்டுச்சு அம்மிணி. அந்தச் சீமையில நம்ம பாஷை. எப்படி நிக்கறதுங்க?"

அதிகாரியின் கையை உதறிவிட்டு ஓடினீர்கள். அந்தக் குரலுக்குரியவரைக் கட்டியிருந்த பெல்ட்டை அறுத்து, அவரை முதுகில் போட்டுக்கொண்டு வந்தீர்கள். உங்கள் முன்னங்கைத் தோல் வெந்தது அப்போதுதான். அவரை வேறு வண்டியில் கொண்டுபோனார்கள், பிறகு பார்க்கவேயில்லை. பழைய பட்டாளத்துக்காரர் யாரைக் கண்டாலும், அந்தத் தமிழ் ஆள் எந்த ஊரோ என்று விசாரிப்பீர்கள். எனக்கோ வேறு கேள்வி. தமிழர் என்றால் ஏன் 'காப்பாத்துங்க' என்று கூப்பிடவில்லை?

அந்த இரண்டாயிரங்களில் வடக்கிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அசாமிலிருந்து வந்த பெண் ஒருத்தி காய்ச்சலோடு துணிக்கட்டைத் தூக்கினாள். நான் வாங்கப் போனேன். "எரி தியா" என்றாள் அவள் பாஷையில். திகைத்துப்போய் அர்த்தம் கேட்டேன். "விடுக்கா" என்றாள்.

வேலை விட்டதும் அவளை நேராக உங்களிடம் கூட்டி வந்தேன். முழுசாகச் சொல்லச் சொன்னீர்கள்.

"மோக் எரி தியா. என்னை விட்டுடு, அர்த்தம்."

"ஆமா, மோக்குன்னும் கேட்டுச்சு. இருமறாருன்னு நெனச்சேன்" என்றீர்கள். வேனைக் கிளப்பினீர்கள்.

என்னால் அடக்க முடியவில்லை. "ஏனுங்கண்ணா, அர்த்தம் தெரிஞ்சிருந்தா விட்டுட்டு வந்திருப்பீங்களா?"

மூலனூரில் நான் இறங்கும்போதுதான் பதில் வந்தது. "வழி பூரா அதையேதான் யோசிச்சேன். தெரியலீங்க அம்மிணி. ஆனா சாகப்போற நேரத்துல அந்த அசாம்கார மனுசன் என்னையக் காப்பாத்தப் பாத்திருக்காரு. நானு இத்தன நாளா, நாந்தான் காப்பாத்துனேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சனே."

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அது இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னைய விட்டுட்டு நீ ஊட்டுக்குப் போ" என்றார். சுத்தமான தமிழ். ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது.

நான் போகவில்லை, அண்ணா.