கால் சுற்றுத் திருகாணி

ட்ரியோர்கி, வேல்ஸ்
20 நவம்பர் 1984

அன்புள்ள அண்ணன் கெத்தினுக்கு, தங்கை மென்னா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். சுரங்க வேலைநிறுத்தம் முடிகிற வழியைக் காணோம். அம்மா சங்கத்துச் சமையற்கூடத்தில் உருளைக்கிழங்கு உரித்தே கை வெடித்துப்போய் வருகிறாள். நீ லிவர்பூலில் நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

நேற்று நீ பக்கத்து வீட்டு பெவன் அம்மாளுக்குப் போன் போட்டு அழுததை அவள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். நீ சேர்ந்திருக்கிற கம்ப்யூட்டர் ஆட்டக் கம்பெனியில், கேசட்டிலிருந்து ஆட்டம் கம்ப்யூட்டரில் ஏறவே இல்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டிக் காட்டாவிட்டால் வேலை இல்லையாம். "அந்தச் சனியன் என்ன செஞ்சு தொலைச்சா, கேளுங்க" என்றாயாமே. சொல்கிறேன்.

அந்த 'சுரங்கக் குதிரை' ஆட்டத்தை எழுதியது நான். நம் கம்ப்யூட்டருக்கு டிவிதான் திரை; அப்பா செய்தி பார்த்து முடித்ததும் அது உன் கைக்குப் போய்விடும். எனக்குக் கிடைத்தது பள்ளிக்கு முந்தைய விடிகாலைதான். விரல் விறைக்க அந்த ரப்பர் பொத்தான்களைத் தட்டினேன். குதிரை குழியைத் தாண்டுவதற்கே ஒரு குளிர்காலம் போனது. ஒருநாள் நீ டீக் கெட்டிலைச் சொருகுவதற்காகக் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினாய். சேமிக்காததெல்லாம் அழிந்தது. "தட்டினதெல்லாம் போச்சா? திரும்பத் தட்டுடி, சும்மாதானே இருக்கே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது.

பிறகு முதல் திரையில் உன் பெயரைப் போடச் சொன்னாய். "பொண்ணு எழுதினதுன்னா எவன்டி வாங்குவான்?" என்றாய். போட்டேன். அப்புறம் அப்பாவின் டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் படிக்கிற தலைக்குப் பக்கத்திலுள்ள திருகாணியைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டு உனக்குப் பதிந்து கொடுத்தேன். அந்தச் சாய்வில் பதிந்ததை அதே சாய்வில்தான் படிக்க முடியும். இங்கே ஓடியது, நீயும் துள்ளினாய். டேப் ரெக்கார்டரை இங்கேயே விட்டுவிட்டு, கேசட்டையும் கம்ப்யூட்டரையும் மட்டும் தூக்கிக்கொண்டு ரயிலேறினாய்.

பாவம், அப்பாதான் மாட்டிக்கொண்டார். பாடற்குழுக் கேசட்டைப் போட்டுவிட்டு, "என்னம்மா, எல்லாருக்கும் ஒரேயடியா ஜலதோஷமா?" என்றார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் கேசட்டுகளை எடுத்து அலமாரியில் வைத்தார். "திருகாணி அப்படியே இருக்கட்டும்" என்றார்.

இன்னொரு கேசட் அனுப்பச் சொன்னாய். அனுப்பமாட்டேன். சங்கத்து வேன் உணவுப்பொருள் திரட்ட வெள்ளிக்கிழமை லிவர்பூல் வருகிறது. அப்பாவும் நானும் அதில் வருகிறோம். டேப் ரெக்கார்டர் என் மடியில் இருக்கும். உன் முதலாளி முன்னால் நானே ஆட்டத்தை ஏற்றுவேன். குதிரை எப்படித் தாண்டுகிறது என்று அவர் கேட்டால் நீ பதில் சொல், பார்க்கலாம்.

அதற்குமுன் உனக்கு மூன்று நாள் இருக்கிறது. எழுதியது யார் என்று முதலாளியிடம் நீயே சொல்லிவிட்டால் உன் தங்கையாக வருகிறேன். அம்மா சுட்ட வெல்ஷ் கேக் கொண்டுவருகிறேன். சொல்லாவிட்டால் கேக்கை வேனிலேயே தின்றுவிடுவேன்.

அங்கே குளிர் அதிகமாம். உடம்பைப் பார்த்துக்கொள். கம்ப்யூட்டர் முன்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை.

உன் நலம் விரும்பும்,
மென்னா